பூனைக்கும் அடி சறுக்கும்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலம்தானே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன வாரம் போனில் உன் குரலைக் கேட்ட பிறகு அப்படிச் சட்டென்று எழுதக் கை வரவில்லை. தகரத்தில் ஆணியை வைத்துக் கிழிக்கிற மாதிரி இருந்தது. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். நீ பதில் சொல்லாமல் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டாய். காகிதத்தில் கேட்டால் யாரிடம் கொடுப்பாய் என்று பார்க்கிறேன். டாக்டரிடம் காட்டினாயா?

நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் புதிதாக ஒன்றுமில்லை. வருகிறவர்கள் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி வெச்சது தெளிவா இருந்துச்சா?" என்று நாளெல்லாம் கேட்கிறேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று ஒரு பெரியவர் தினம் வந்து உயிரை வாங்குகிறார்.

உனக்குச் சிரிப்பு வரும், பரவாயில்லை, சிரி. இரண்டு மாதமாக இணையத்தில் ஒரு ஆன்மிகக் குழுவில் இருக்கிறேன். பெயர் 'ஆற அமர'. பரிகாரம், ஜோசியம், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆபத்து என்கிற சமாசாரம் எதுவும் அங்கே கிடையாது. கும்பிடுகிறவர்கள், தொழுகிறவர்கள், ஜெபம் பண்ணுகிறவர்கள், மேலே ஒருவரும் இல்லை என்பவர்கள் எல்லாரும் கலந்து இருக்கிறோம். யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. குழுவைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு 'வாசல்' என்று பெயர். கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்கிற ஒருவருக்கு 'சந்தேகி' என்று பெயர்.

சட்டம் இரண்டே. யார் யார் என்று வெளியே தேடக் கூடாது. அடுத்தது, ஒருவருக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவர் சொன்னதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் 'அதேதான்' என்று எழுதினால்தான் நீ உன் கருத்தைச் சொல்லலாம். 'அது இல்லை' என்றால் மறுபடியும் முதலிலிருந்து. நான் சேர்ந்த புதிதில் சந்தேகியிடம் வரிசையாக 'அது இல்லை' வாங்கினேன். அழுகையே வந்துவிட்டது. கடைசியில் 'அதேதான்' வந்தபோது அவரோடு சண்டை போட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது, அண்ணா. ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் புரிந்தது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். தொண்டையைப் பற்றி எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 19

பட்டாசுக்கு,

இங்கே சுகம், அங்கே சுகம்தானே. உன் கண்ணுக்கு நீயே கண்ணாடி மாற்றிக்கொண்டாயா? கொல்லன் வீட்டில் கத்தி மழுங்கல் என்கிற கதையாக இருக்கப் போகிறது.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் ஏலம் கத்திய தொண்டை, கொஞ்சம் லீவு கேட்கிறது. இப்போது கூட்டாளி கத்துகிறான். நான் பக்கத்தில் நின்று விரல் காட்டுகிறேன். அவன் 'ஒரு தரம்' சொன்னால் எருமை கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கிறது. வியாபாரிகள் எல்லாம் "எங்கப்பா நம்ம வெண்கலம்?" என்று கேட்கிறார்கள். சந்தையில் எனக்கு அதுதானே பேர். மூன்றாவது தெருவில் பல் தேய்க்கிறவனுக்கு என் குரலில் அன்றைய வெங்காய விலை தெரிந்துவிடும். சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் அது உண்மை.

அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது என்ன பெரிய அதிசயம்? நான் செய்வதே அதுதான். ஒருத்தன் ஒரு விலை சொன்னால் அதையே மூன்று தரம் திருப்பிச் சொல்லி, வேறு யாராவது வாயைத் திறக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சரக்கைத் தள்ளுவேன். எனக்கு யாரும் ஞானி என்று பட்டம் கொடுக்கவில்லை.

என்னால் நம்ப முடியாதது ஒன்றுதான். ஒருவர் பேசி முடிக்கும்வரை நீ காத்திருக்கிறாயா? நீ பேசப் பழகிய நாளிலிருந்து இந்த வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரைக்கும் கொண்டுபோனது கிடையாது. அந்தக் குழுவின் விலாசத்தை எழுது. போய்ச் சேரப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. சும்மா.

அண்ணி கேட்டாள் என்று எழுதச் சொல்கிறாள்.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். விலாசத்தைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சும்மா போனாலும் சரி, சண்டைக்குப் போனாலும் சரி. சண்டைக்கு வந்த ஒருவர் என்ன ஆனார் என்று சொல்கிறேன், கேள்.

புதிதாக ஒரு ஆள் வந்தார். வந்த வேகத்தில் 'ஒரே வழிதான் உண்டு, மற்ற எல்லாரும் இருட்டில் போகிறீர்கள்' என்று மூச்சு விடாமல் எழுதித் தள்ளினார். வேறு இடமாக இருந்தால் அன்றைக்கே அடிதடி ஆகியிருக்கும். எனக்கே கை துறுதுறுத்தது. வாசலம்மா என்ன எழுதினார் தெரியுமா? 'உங்களுக்கு வேண்டிய யாரோ இருட்டில் மாட்டிக்கொள்வார்களோ என்று பயப்படுகிறீர்கள். அதனால்தான் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறீர்கள். சரியாகப் புரிந்துகொண்டேனா?'

 இரண்டு நாள் கழித்து அந்த ஆள் 'அதேதான்' என்று எழுதினார். அதற்குக் கீழே, அவருடைய மகன் வீட்டுக்கு வருவதில்லை என்று எழுதினார். யாரும் அவரை அவருடைய வழியை விடச் சொல்லவில்லை. அவரும் விடவில்லை. இப்போது அவரும் சந்தேகியும் மன்னிப்பைப் பற்றி வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள். ஒருவர் வாதத்தை இன்னொருவர் தூக்கிப் பிடித்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் மறுக்கிறார்கள். இப்படியும் மனுஷர்கள் பேசிக்கொள்ள முடியும் என்று எனக்குத் தெரியாமலே இத்தனை வயசாகிவிட்டது.

தொண்டையைப் பற்றி நான் கேட்டதற்கு நீ வெங்காய விலை எழுதியிருக்கிறாய். மறுபடியும் கேட்கிறேன்: டாக்டரிடம் காட்டினாயா?

உன் தங்கை


மார்ச் 28

அன்புள்ள பட்டாசுக்கு,

நீ சௌக்கியமா? இங்கே சௌக்கியம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

உன் கடிதத்துக்கு உங்க அண்ணன் பதில் போடவில்லை என்று தெரியும். மேஜை மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறார். நானும் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நான் சொன்னதாக நீ காட்டிக்கொள்ளக் கூடாது.

குரல்வளையில் கட்டி. சதை எடுத்து டெஸ்ட் பண்ணிச் சொல்லிவிட்டார்கள், அது கெட்ட கட்டிதான். அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். குரல்வளையையே எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், அதிகம் தள்ளிப்போட்டால் அந்த உத்தரவாதம் இல்லை என்றார். ஆனால் குரல் போய்விடும். பின்னால் ஒரு கருவியை வைத்துப் பேசப் பழகலாமாம், அது வேறு குரலாம். இவர் எழுந்து, "குரலை எடுத்துட்டு மிச்சத்தை யாருக்கும்மா குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. எங்கள் மகனிடம் சொல்லக் கூடாது, உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து ஒற்றை விரலால் என்னவோ தட்டிக்கொண்டிருக்கிறார். நான் போனால் மூடிவிடுகிறார். எனக்கு யாரிடம் போய் அழுவது என்று தெரியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். இப்போதைக்கு எனக்கு வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

அண்ணாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் பக்கம் முழுக்கத் திட்டு. நீ யார் உயிரை வைத்துப் பந்தாடுகிறாய், அண்ணியை நினைத்தாயா, அப்படி இப்படி. கிழித்துப் போட்டேன். நான் காட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் அவனைச் சம்மதிக்க வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? நான் பேசினால் அவன் கத்துவான். அவன் கத்தினால் நானும் கத்துவேன். கத்த அவனுக்கு இனி தொண்டையும் இல்லையே அண்ணி.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நான் நலமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அண்ணா சாயங்காலம் ஒற்றை விரலால் என்ன தட்டுகிறான் என்று கண்டுபிடித்துவிட்டேன். அவன் எங்கள் 'ஆற அமர' குழுவில் இருக்கிறான். 'சும்மா' என்று ஒருவர் மூன்று வாரமாக அங்கே வருவார், எல்லாவற்றையும் படிப்பார், அவ்வப்போது ஒரு வரி எழுதுவார். யாரோ என்று இருந்தேன். போன வாரம் அவர் பெரிதாக எழுதினார். 'வாயால் பிழைக்கிறவன் நான். அது போகப் போகிறது. பேச்சு போன பிறகு ஒருவன் எதை வைத்து வேண்டிக்கொள்வான்? நான்தான் இன்னார் என்று எதை வைத்துச் சொல்லிக்கொள்வான்? பூனைக்கும் அடி சறுக்கும் என்று தெரியும். நமக்கும் சறுக்கும் என்று தெரியாமல் போயிற்று.'

பூனை, அண்ணி! உலகத்தில் எல்லாருக்கும் ஆனைக்குத்தான் அடி சறுக்கும். எங்கள் வீட்டில் மட்டும்தான் பூனைக்கு. அம்மா அப்படித்தான் சொல்லுவாள். "ஆனை சறுக்கினா அதுல என்ன அதிசயம், அந்த உடம்புக்கு? பூனை சறுக்கினாத்தான் யோசிக்கணும்" என்பாள். பள்ளிக்கூடத்தில் அப்படியே எழுதிவைத்து நானும் அவனும் சேர்ந்து அடி வாங்கியிருக்கிறோம்.

அந்தக் குழுவை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பழமொழி தப்பு என்று ஒருவர் சிரிக்கவில்லை. ஒருவர் திருத்தவில்லை. அந்த மூலிகையைச் சாப்பிடு, இந்த மந்திரத்தைச் சொல்லு என்று ஒருவர் கிளம்பவில்லை. வாசலம்மா அவன் பூனையை அப்படியே கையில் வாங்கிக்கொண்டு, 'எந்த உயரத்திலிருந்து குதித்தாலும் காலூன்றி நிற்கிற பிராணி பூனை. அதற்கே சறுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, உங்களுக்கு எது கைவந்ததோ அதிலேயே விழுந்துவிட்டீர்கள். சரியா?' என்று எழுதினார். அண்ணா 'அதேதான்' என்றான்.

வெளியே யார் என்று தேடக் கூடாது என்பது சட்டம். நான் தேடவில்லை, அவனே வந்து நிற்கிறான். அதனால் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாமல் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அங்கே எனக்கு 'நிதானம்' என்று பெயர், சிரிக்காதீர்கள். 'குரல் போய்விடும் என்று தெரிந்ததும் முதலில் யாரோடு பேச முடியாதே என்று நினைத்தீர்கள்?' என்று கேட்டேன். நீங்களாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவன் எழுதினான்: 'என் மனைவிக்கு நான் பேசாமலே புரியும். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவள் என்னை ஒரு நாளும் முழுசாகப் பேச விட்டதில்லை. குரல் போவதற்கு முன்னால் ஒரு தடவை அவளிடம் முழுசாகப் பேசிவிட வேண்டும். அது நடக்காது என்று நினைப்பதால்தான் குரலைக் கொடுக்க மனசு வரவில்லை.'

நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சட்டம். 'பாசத்தில்தான் உங்கள் தங்கை குறுக்கே பேசியிருப்பாள்' என்று தட்டினேன். அழித்தேன். அது அவன் சொன்னது இல்லையே, என் வக்காலத்து. 'அவளுக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்' என்று தட்டினேன். அதையும் அழித்தேன். கடைசியில் அவன் சொன்னதையே எழுதினேன்: 'உங்கள் தங்கை உங்களைப் பேசவே விட்டதில்லை. ஒரு தடவையாவது அவள் கடைசிவரை கேட்க வேண்டும். அதற்குள் குரல் போய்விட்டால் அது நடக்காமலே போய்விடும் என்று பயப்படுகிறீர்கள்.'

'அதேதான்' என்று வந்தது. கடையில் கண்ணாடி வாங்க வந்த பெரியவர் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் சந்தேகியும் எழுதினார். முறைப்படி திருப்பிச் சொல்லி 'அதேதான்' வாங்கிக்கொண்டு, இதை எழுதினார்: 'எனக்குக் கடவுளைத் தெரியாது, அதனால் வேண்டுதலைப் பற்றி நான் பேசவில்லை. நீங்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். நாளைக்கு நீங்கள் வராவிட்டால் தேடுவோம்.'

அதற்கு அண்ணா இன்னும் பதில் எழுதவில்லை. நீங்கள் ஒன்றும் கேட்காதீர்கள். பொறுத்திருப்போம்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. கடையில் லீவு சொல்லி வைத்திருக்கிறேன். நீ எப்போது கூப்பிட்டாலும் கிளம்பி வருவேன். வந்தால் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. நீ ஏதாவது சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் தங்கை


ஏப்ரல் 22

பட்டாசுக்கு,

நலமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணியிடம், "இவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நீ பிப்ரவரியிலிருந்து கேட்டதற்குப் பதில்: டாக்டரிடம் காட்டினேன். வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் குழுவுக்குச் சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். ஆள் பிடிக்கிற கூட்டம், அம்பலப்படுத்தி உனக்கு எழுதலாம் என்றுதான் போனேன். சந்தையில் எத்தனை ஆயிரம் பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். இந்த மாதிரி எடை போட்டு, கல்லைத் தட்டிப் பார்த்து, தராசு நின்ற பிறகு வாயைத் திறக்கிறவர்களை நான் கண்டதில்லை. சந்தேகி என்று ஒருவர், அவர் இருக்கும் திசை தெரிந்தால் விழுந்து கும்பிடுவேன். அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் கும்பிடுவேன்.

அங்கே 'நிதானம்' என்று ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். ஒரு ஆள் கிட்டே அவள், 'இப்போது சொன்னது தெளிவா, முன்னால் சொன்னது தெளிவா?' என்று கேட்டதைப் பார்த்தேன். எந்தக் கடையில் வேலை பார்க்கிறாளோ. என்ன பொறுமை! என்ன மரியாதை! நமக்கு இப்படி ஒரு தங்கை இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில், இருக்கிறாளாம்.

சீக்கிரம் வா. குரல் மோசம், பாதி காற்றுதான் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும்.

அண்ணன்


ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ நலமா? கழுத்தில் புண் நன்றாக ஆறுகிறதா? அண்ணி மருந்து கட்டும்போது முறைக்காதே.

ஆபரேஷனுக்கு முன்னால் நீ என்னிடம் பேசியதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதினால் குறுக்கே பேசுவது போல் ஆகிவிடும். கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை


ஜூலை 5

பட்டாசுக்கு,

சுகம். புண் ஆறிவிட்டது. கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக மூச்சு. அண்ணி பக்கத்தில் இருக்கும்போது பெருமூச்சுக்கூட விட முடியவில்லை, எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கிறாள். கருவி வைத்துப் பேசப் பழக இன்னும் சில மாதம் போகட்டும் என்று டாக்டரம்மா சொல்கிறார்.

சந்தைக்குப் போனேன். கூட்டாளிதான் கத்துகிறான். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நான் ஊமையானதற்கு அவர்கள் ஏன் ஊமையாக வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். அப்புறம்தான் சிரித்தார்கள். சாயங்காலம் ஆனால் 'ஆற அமர'. அங்கே போனால் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எல்லாருமே வாயை மூடிக்கொண்டு கையால் பேசுகிறவர்கள்தானே. போன வாரம் சந்தேகிக்கு நான் 'அது இல்லை' கொடுத்தேன். மனுஷர் சந்தோஷப்பட்டுப் போனார்.

இப்போது உன் விஷயம். உன் கடிதம் வந்தது. அதற்குத் தந்தி என்று பெயர். ஆபரேஷனுக்கு முன்னால் நான் அவ்வளவு பேசினேன், நீ ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. அது நான் கேட்டு வாங்கிய வரம், சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் நீ அப்படியே உட்கார்ந்திருந்தாய். நான் பலகையில் எழுதுகிறவரை காத்திருக்கிறாய், படிக்கிறாய், தலையை ஆட்டுகிறாய், மறுபடி காத்திருக்கிறாய். ஊருக்குப் போய் இப்படி ஒரு கடிதம் போடுகிறாய். என்னிடம் பேசவே பயப்படுகிறாய் என்று தெரிகிறது.

நீ பேசவே கூடாது என்று நான் எந்தக் காலத்தில் சொன்னேன்? என்னையும் பேச விடு என்றுதானே சொன்னேன். பேசியாகிவிட்டது. இந்த வீட்டில் இப்போது எவ்வளவு அமைதி இருக்கிறது தெரியுமா? எனக்கு அதற்கு மேல் வேண்டாம். என் குரல் போனதை நான் தாங்கிக்கொண்டேன். உன்னுடையதும் சேர்ந்து போனால் எனக்குத் தாங்காது.

அதனால் அடுத்த மாதம் கிளம்பி வா. வந்து உட்கார்ந்து பேசு. கடையைப் பற்றி, அந்தப் பெரியவரைப் பற்றி, என்னைத் திட்டி நீ எழுதிக் கிழித்துப் போட்டாயாமே, அதையும் சேர்த்து, மூச்சு விடாமல் பேசு. நடுவில் உன் அண்ணன் ஒரு வார்த்தை குறுக்கே பேசினால், பேரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்